கடல் தாண்டிப் போனால் எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

இந்த இதழின் பாடம் தண்ணீரைப் பற்றியது. "தண்ணி குடிக்கிறதுக்கும் ஒரு பாடமா?" என்று பெரியவர்கள் சிரிக்கக்கூடும். பீலியில் குடத்தை வைத்து நிரப்பி, மலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு போகிற நமக்கு இது புதிய விடயம் இல்லைதான். ஆனால் இன்று பல லயங்களில் ஒரு மகளோ, மருமகளோ, மகனோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். குவைத், சவூதி, கத்தார், டுபாய், லெபனான், ஜோர்தான் என்று ஊர்ப் பெயர்கள் நமக்கு அட்டன், நாவலப்பிட்டி மாதிரிப் பழகிவிட்டன. போகிற பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்கிறோம், மெடிக்கலைப் பற்றிச் சொல்கிறோம், ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கச் சொல்கிறோம். அங்கே போய் எந்தத் தண்ணியைக் குடிப்பது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

போய் இறங்கின முதல் கிழமையிலேயே வயிற்றோட்டம் வந்து படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொழி தெரியாத வீடு. வந்தவுடனே படுத்துவிட்டாள் என்று வீட்டுக்காரம்மா முகம் சுளிப்பார். டொக்டரிடம் போகவேண்டும் என்று கேட்கவே பயம். போய் வந்த பெண்களிடம் நாம் பேசியபோது பலரும் இதே கதையைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

நமது முன்னோர்களுக்கும் இந்தப் பயணத் தண்ணீர் பெரிய எதிரியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே வாந்திபேதியில் இறந்து போனார்கள். குளத்துத் தண்ணீரையும் குட்டைத் தண்ணீரையும் அப்படியே குடித்ததுதான் அதற்குப் பெரிய காரணம். பின்னாளில் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்து வைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள் என்றால், அந்த நோய்க்கு இருந்த பயம் அவ்வளவு.

சரி, பாடத்துக்கு வருவோம். தண்ணீர் இரண்டு விதமாகக் கெட்டுப் போகும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலாவது, கிருமி. மனித மலமோ மிருக மலமோ தண்ணீரில் கலப்பதால் வருவது. வாந்திபேதி, தைபோயிட்டு காய்ச்சல், சீதபேதி, செங்கண்மாரியில் ஒரு வகை எல்லாம் இப்படித்தான் பரவுகின்றன. கிருமி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ருசியும் இல்லை. பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்.

இரண்டாவது, தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள். உப்பு, சுண்ணாம்பு, பழைய குழாயிலிருந்து வரும் ஈயம், சில நாடுகளில் நிலத்தடியிலிருந்து வரும் ஆர்செனிக் என்கிற நஞ்சு ஆகியவை இதில் சேரும். இவை உயிருள்ளவை அல்ல, ஆகவே சாகடிக்க முடியாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிக் குறையும், உப்பு அப்படியே இருக்கும். இன்னும் சொன்னால், கொஞ்சம் கூடிப்போகும். ரசம் வற்றினால் உப்புக் கரிக்கிறதே, அதே கதைதான்.

அதாவது, கொதிக்க வைப்பது முதலாவதற்கு மருந்து, இரண்டாவதற்கு அல்ல. "கொதிக்க வைத்தால் எந்தத் தண்ணியும் நல்ல தண்ணி" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

கொதித்தாறிய நீர்

கிளினிக்கிலும் பிள்ளைக் காம்பராவிலும் எத்தனையோ தடவை கேட்ட சொல் இது. எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். சிலர் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று விறகை எரிக்கிறார்கள். அது தேவையில்லை. தண்ணீர் தளதளவென்று புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் போதும். கிருமிகள் 100 பாகை வரை தாங்கிக்கொண்டு இருப்பதில்லை. 70 பாகையைத் தாண்டும்போதே வயிற்று நோய்க் கிருமிகள் சாகத் தொடங்கிவிடும். மேலே சின்னச் சின்னக் குமிழி வருவதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மலைநாட்டு ஆட்களான நமக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. கடற்கரையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் அதற்கு முன்னமே கொதித்துவிடும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு பாகை குறைகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே தண்ணீர் கொதிக்கும். நுவரெலியாப் பக்கத்தில் பருப்பு வேகச் சுணங்குகிறதென்று பெண்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான், பருப்பின் குற்றம் இல்லை. கிருமியைக் கொல்ல 94 பாகை தாராளம். ஆனாலும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற இடங்களில் ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார்கள். சவூதி என்றால் எல்லாம் மணல்காடு என்று நினைக்க வேண்டாம். அங்கே அபஹா என்ற நகரம் 2,200 மீட்டர் உயர மலையில் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற பிள்ளை இந்த மூன்று நிமிடக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கொதிக்க வைத்த பிறகு நடப்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் தண்ணீர் கெடுவது அடுப்பில் அல்ல, ஆறும்போது. மூடாமல் வைப்பது, கழுவாத குவளையால் மொள்ளுவது, சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணியை ஊற்றுவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு கேத்தல் கொதித்த தண்ணீரில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணி விட்டால் அது மறுபடியும் பச்சைத் தண்ணிதான். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, வாய் குறுகிய போத்தலிலோ மூடி போட்ட ஜக்கிலோ ஊற்றி வையுங்கள். ஆறின தண்ணீர் சப்பென்று இருந்தால் இரண்டு சுத்தமான பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றுங்கள், ருசி வந்துவிடும். நாளைக்கு நாளை புதிதாகக் கொதிக்க வையுங்கள்.

ஐஸ் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் கிருமி சாகாது, தூங்கும். பச்சைத் தண்ணீரில் செய்த ஐஸைச் சுத்தமான சோடாவில் போட்டால் சோடாவும் கெடும்.

வளைகுடா நாடுகளின் பைப் தண்ணீர்

குவைத்தில் ஒரு ஆறு கிடையாது. எண்ணெய் வருவதற்கு முன்பு அங்கே குடிதண்ணீரை ஈராக்கின் ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகுகளில் கொண்டுவந்து விற்றார்கள். 1950களின் தொடக்கத்தில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைகள் வந்தன. இன்று குவைத், கத்தார், டுபாய் எங்கும் பைப்பில் வருவது பெரும்பாலும் கடல் தண்ணீர்தான். சவூதியில் இதற்கென்றே 1974ஆம் ஆண்டு ஒரு அரசாங்க நிறுவனம் தொடங்கினார்கள். பாலைவனத்துக்கு நடுவே உள்ள ரியாதுக்கு, கிழக்குக் கரையிலுள்ள ஜுபைலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தண்ணீர் ஏறுகிறது.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரு முறை நமக்குத் தெரிந்ததுதான். கேத்தல் கொதிக்கும்போது மூக்குக்கு நேரே ஒரு குளிர்ந்த மூடியைப் பிடியுங்கள், கை சுடாமல். மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும். உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மூடியில் வருகிற தண்ணீரில் உப்பு இருக்காது. இதையே பெரிய ஆலையில் செய்கிறார்கள். மற்ற முறை, மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியாகக் கடல் தண்ணீரைப் பலமாக அழுத்தித் தள்ளுவது. தண்ணீர் போகும், உப்பு நின்றுவிடும். இப்படி வந்த தண்ணீர் மிகவும் வெறுமையாக இருப்பதால் குழாயை அரிக்கும். ஆகவே சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் சேர்த்து, கிருமிக்காகக் குளோரினும் போட்டு அனுப்புகிறார்கள்.

ஆலையிலிருந்து வெளியே வரும்போது அது நல்ல தண்ணீர். தெருக் குழாயிலும் நல்ல தண்ணீர்தான். கெடுவது வீட்டுக்கு வந்த பிறகு. அங்கே வீடுகளுக்கு நிலத்துக்கு அடியில் ஒரு தாங்கி, மொட்டை மாடியில் ஒரு தாங்கி இருக்கும். தண்ணீர் அதில் நின்றுதான் பைப்புக்கு வருகிறது. மூடி சரியாக இல்லாவிட்டால் தூசி விழும், புறா எச்சம் விழும், பல்லி விழும். வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும், அடியில் வண்டல் படியும். சுத்தம் செய்கிற வீட்டில் பைப் தண்ணீர் பிரச்சினை இல்லை. வருடக்கணக்காகத் திறந்தே பார்க்காத வீட்டில் அதைப் பச்சையாகக் குடிக்கக்கூடாது. எந்த வீடு எப்படி என்று புதிதாகப் போன பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆகவே எமது யோசனை, வீட்டார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று முதல் நாளே கவனிப்பது. அவர்கள் போத்தல் தண்ணீரோ பில்டர் தண்ணீரோ குடித்துக்கொண்டு, வேலை செய்கிற பிள்ளைக்கு மட்டும் பைப்பைக் காட்டினால், அதைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். அந்த வீடுகளில் மின்சாரக் கேத்தல் இருக்கும். கொதித்ததும் தானாக அணைந்துவிடும். அந்தக் கொதி போதும்.

கோடை காலத்தில் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். மேல் தாங்கி வெயிலில் காய்ந்து, குளிர் பைப்பில் சுடுதண்ணி வரும். வீட்டுக்குள்ளே இருக்கிற ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, அதில் நிற்கிற தண்ணீரை ஆறின தண்ணீராகக் குளிக்கப் பாவிப்பார்கள். குளிக்கச் சரி. குடிக்கவோ சமைக்கவோ ஹீட்டர் தண்ணீரை எடுக்க வேண்டாம். சூடான தண்ணீர் குழாயிலும் தாங்கியிலும் உள்ள உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். தேத்தண்ணி சீக்கிரம் போடலாம் என்று சுடு பைப்பிலிருந்து கேத்தலை நிரப்புவதும் இதே பிழைதான்.

தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று. அந்த நாடுகளில் தெருவோரப் பூமரங்களுக்கும் புல்வெளிக்கும் விடுவது பெரும்பாலும் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர். ஓஸ் பைப்பில் பளிச்சென்று வரும். தாகத்துக்கு அதில் வாயை வைக்கவே கூடாது, முகமும் கழுவ வேண்டாம்.

லெபனானும் ஜோர்தானும்

வளைகுடாவைப் பற்றிச் சொன்னதை இந்த இரண்டு நாடுகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. லெபனானில் மழை உண்டு, பனி உண்டு, ஊற்று உண்டு. ஆனாலும் பெய்ரூத்தில் பைப் தண்ணீரைப் பலர் குடிப்பதில்லை. கிணறுகளில் அளவுக்கு மேல் இறைத்ததால் கடல் உள்ளே வந்து பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. 2019இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் தண்ணீர்ப் பம்புகளும் கழிவுநீர் நிலையங்களும் நின்று நின்று ஓடின. அதன் பலன், 2022 ஒக்டோபரில் வாந்திபேதி வந்தது. 1993க்குப் பிறகு அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

முதலில் சொன்ன இரண்டு வகையை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெய்ரூத் பைப் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்புப் போகாது. ஆகவே அங்கே குடிப்பதற்குப் போத்தல் தண்ணீரோ நம்பிக்கையான பில்டர் தண்ணீரோ வேண்டும். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் பைப். கலன்களில் நிரப்பி விற்கிற தண்ணீர் அங்கே மலிவு, ஆனால் எங்கே நிரப்பியது என்று தெரியாது. அதைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.

ஜோர்தான் உலகத்திலேயே தண்ணீர் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. தலைநகரான அம்மானில் பல பகுதிகளுக்குக் கிழமையில் ஒன்றிரண்டு நாள்தான் பைப்பில் தண்ணீர் வரும். அதை மொட்டை மாடித் தாங்கியில் பிடித்து வைத்துக் கிழமை முழுக்கப் பாவிக்கிறார்கள். அங்கேயும் கெடுவது தாங்கியில்தான். குடிக்கிறதைக் கொதிக்க வையுங்கள். 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கே வேலை செய்த இலங்கையர் பல ஆயிரம் பேர் பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லை முகாம்களுக்கு வந்தார்கள். அந்த முகாம்களில் ஒரு போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

போத்தல் தண்ணீர்

போத்தலில் அடைத்தால் சுத்தம் என்று ஒரு எண்ணம் நமக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் சரிதான். ஆனால் போத்தல் தண்ணீர் மருந்தல்ல, அதுவும் தண்ணீர்தான். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா, திறக்கும்போது "கிறுக்" என்று அறுபடுகிறதா என்று பாருங்கள். பழைய போத்தலைப் பைப்பில் நிரப்பி விற்கிறவன் எல்லா நாட்டிலும் இருக்கிறான். நம் நாட்டில் அடைத்த குடிநீருக்கு எஸ்.எல்.எஸ். 894 என்ற தரம் உண்டு, இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு. அரபு நாட்டுப் போத்தலில் திகதி அரபு இலக்கத்தில் இருக்கலாம். அதில் ஒரு வேடிக்கை: புள்ளி மாதிரி இருப்பதுதான் பூச்சியம், வட்டமாக இருப்பது ஐந்து. இதைத் தெரியாமல் ஐந்தைப் பூச்சியம் என்று வாசித்துவிடுவோம்.

போத்தலை வெயிலில், வாகனத்துக்குள்ளே, அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக்கில் இருக்கிற பொருட்கள் கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். ஒரு நாள் குடித்ததால் ஒன்றும் ஆகாது, அதற்காகத் தாகத்தோடு இருக்கவும் வேண்டாம். பழக்கமாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். வாய் வைத்துக் குடித்த போத்தலை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

பெரிய போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிற கூலர் பல வீடுகளில் இருக்கும். தண்ணீர் நல்லதாகவே இருக்கும், பிடிக்கிற குழாய்தான் அழுக்கு. அதைக் கழுவுகிற வேலை எப்படியும் நம் பிள்ளையின் தலையில்தான் விழும். கழுவினால் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, அவளுக்கும் நல்லது.

சிலர் ஒரு சின்னக் கருவியைத் தண்ணீரில் விட்டு இலக்கம் காட்டுவார்கள், "டீ.டி.எஸ். பார்த்தாச்சு, சுத்தத் தண்ணி" என்பார்கள். அது கரைந்த உப்பின் அளவை மட்டுமே காட்டும். கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

குழந்தைக்குப் பால் கரைப்பது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களில் பலர் கைக்குழந்தை பார்க்கிறார்கள். நாலு மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் முதலில் பழி வருவது பால் கரைத்தவள் மேல்.

பால்மா டின்னுக்குள்ளேயே கிருமி இருக்கலாம், அது தொழிற்சாலையில் முழுக்கச் சுத்தமாக்கப்பட்ட பொருள் இல்லை. ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பது போதாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைப் போட்டுக் கலக்க வேண்டும். பிறகு மூடிய போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். போத்தல் தண்ணீரில் கரைத்தாலும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். உப்புக் கரிக்கிற தண்ணீர் குழந்தைக்கு ஆகவே ஆகாது, அதன் சிறுநீரகம் அந்த உப்பைத் தாங்காது. வீட்டுக்காரம்மா வேறு மாதிரிச் செய்யச் சொன்னால், டின்னில் எழுதியிருக்கிறதைக் காட்டி மரியாதையாகச் சொல்லலாம்.

மற்ற நாடுகள்

சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, சைப்பிரஸ், இஸ்ரேல் ஆகிய நாடுகளில் பைப் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். சிங்கப்பூருக்குப் போன ஒரு பிள்ளை மூன்று மாதம் சம்பளத்தில் பாதியைத் தண்ணீர்ப் போத்தலுக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். பாவம், யாரும் சொல்லவில்லை. மலேசியாவில் தண்ணீரைச் சுத்திகரித்தே அனுப்புகிறார்கள், ஆனாலும் பழைய குழாய்க்குப் பயந்து அந்த ஊர்க்காரரே கொதிக்க வைக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். மாலைதீவின் தலைநகர் மாலேயில் கடல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலை தீப்பிடித்து, ஒரு லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விமானத்தில் போத்தல் தண்ணீர் போனது. ஒரே ஆலையை நம்புகிற ஊரில் வீட்டில் எப்போதும் இரண்டு நாள் தண்ணீர் வைத்திருப்பது புத்தி.

இந்தியாவுக்கு நம்மவர்கள் வேலைக்கு அல்ல, கோயிலுக்கும் சொந்தம் பார்க்கவும் போகிறோம். சபரிமலை, வேளாங்கண்ணி, திருச்செந்தூர் என்று சனம் கூடுகிற இடங்களில் கவனம் தேவை. சபரிமலைப் பாதையில் சுக்குப் போட்டுக் கொதித்த தண்ணீர் கொடுப்பார்கள், தாராளமாகக் குடிக்கலாம். கேரளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் மூலிகைத் தண்ணீர் வைப்பார்கள். சூடாக இருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள், கொதித்ததில் பச்சைத் தண்ணி கலந்து ஆற்றுகிற கடைகள் உண்டு. தமிழ்நாட்டில் சொந்தக்காரர் வீட்டில் "கேன் தண்ணி" தருவார்கள். சீல் உடையாத கேன் என்றால் பயமில்லை. லொறித் தண்ணியும் அடிபம்புத் தண்ணியும் என்றால் "சூடா ஒரு டீ போடுங்க மாமி" என்று கேட்டுவிடுங்கள். யாரும் மனம் நோகமாட்டார்கள்.

குடிக்காமலே இருப்பது

இவ்வளவும் வாசித்துவிட்டுச் சில பிள்ளைகள் "வம்பே வேண்டாம், குறைவாகக் குடிப்போம்" என்று நினைப்பார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வளைகுடாவில் கோடையில் 45 பாகை சாதாரணம். நாம் குளிரில் பழகினவர்கள். நுவரெலியாப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு கோப்பை தேத்தண்ணி போதும். அங்கே வெயிலில் வேலை செய்கிற ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் வேண்டும், தாகம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. குளிரூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்குத் தாகமே தெரியாது, ஆனாலும் உடம்பு காயும். சிறுநீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். எரிச்சல், நாரி வலி, சிறுநீர்க் கல் எல்லாம் இதன் பின்னால் வரும். அடிக்கடி கழிவறைக்குப் போனால் திட்டுவார்கள் என்று தண்ணீரைக் குறைத்த பெண்களை நமக்குத் தெரியும். நோயோடுதான் திரும்பி வந்தார்கள்.

தண்ணீர் கேட்பது வேலைக்காரியின் குற்றம் அல்ல. குடிக்கத் தண்ணீர் தராமல், தண்ணீருக்குச் சம்பளத்தில் வெட்டுகிற வீடு என்றால் அதை மறைக்காமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989, எந்த நேரமும் எடுக்கலாம். பதிவு செய்து போனவருக்கு இது சுலபம் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால், போகிற தண்ணீரை உடனே திரும்பக் குடிக்க வேண்டும். ஜீவனிப் பக்கற்றுகள் நாலைந்தைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து, கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் போகாமை, இதில் ஒன்று இருந்தாலும் டொக்டரிடம் போகவேண்டும்.

கேட்பதற்கு வார்த்தை

கடைசியாக, போகிற பிள்ளைகள் பாடமாக்க வேண்டிய சில அரபுச் சொற்கள். தண்ணீருக்கு வளைகுடாவில் "மாய்" என்பார்கள், சவூதியில் "மோயா" என்றும் கேட்கும். குளிர்ந்தது "பாரித்", சூடானது "ஹார்", கொதித்தது "மக்லி", உப்பானது "மாலிஹ்". குவைத்தில் குடிதண்ணீரை "மாய் ஹிலு" என்பார்கள், இனிப்புத் தண்ணீர் என்று அர்த்தம், சீனி போட்டது என்று நினைக்க வேண்டாம். "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்று பெண் சொல்வதானால் "அனா அத்ஷானா", ஆண் சொல்வதானால் "அனா அத்ஷான்". வயிற்றோட்டத்துக்கு "இஸ்ஹால்". வீட்டுக்காரம்மாவிடம் எதைக் கேட்டாலும் முன்னால் "லவ் சமஹ்தி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து என்பது போல. போவதற்கு முன்பு வீட்டிலேயே அம்மாவிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.